கற்சிலை கண் இமைத்தது

ஏழு நாடுகளை வென்ற தளபதி, எகிப்தின் பாலைவனத்தில் ஒரு பழங்காலச் சிலைக்கு முன்னால் குதிரை மேல் உட்கார்ந்திருந்தார். சிங்க உடம்பும் மனித முகமும் கொண்ட அந்தச் சிலை அவரைப் பார்க்கவில்லை. இடப்பக்கம் போனார், வலப்பக்கம் வந்தார், பின்னால் தள்ளி நின்றார். அது அவர் தலைக்கு மேலே எங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

"இது என்னைப் பார்க்காமல் நான் நகரப்போவதில்லை" என்றார்.

குதிரை காலையிலிருந்து தண்ணீர் குடிக்கவில்லை. குளம்பால் மணலைக் கிளறிக்கொண்டே, சிலையின் கண்குழியில் குடியிருந்த ஓணானிடம் கெஞ்சியது. "அண்ணே, அந்தக் கண்ணுக்குள்ள ஒரு தடவை குறுக்கே ஓடுங்க. நாக்கு வறண்டு போச்சு."

"முன்னாடி வந்த ராஜாவோட குதிரையும் இதையேதான் கேட்டுச்சு. ஓடினேன். பிரயோஜனமில்ல."

"பரவாயில்ல, ஓடுங்க."

ஓணான் ஓடியது. கல் கண் இமைத்ததுபோல் இருந்தது. தளபதியின் நெஞ்சு நிமிர்ந்தது.

"பார்த்துவிட்டது" என்று சொல்லிக் குதிரையை ஆற்றுப் பக்கம் விரட்டினார்.

தண்ணீர் வாசம் குதிரையின் மூக்கில் ஏறியது. கரைக்கு இன்னும் இருபது அடிதான். அப்போது கடிவாளம் சட்டென்று இழுபட்டது. குதிரையின் தலை மறுபடி மணல் பக்கம் திரும்பியது.

"அது பார்த்தது என்னையா," என்றார் தளபதி, "இல்லை, இந்தக் குதிரையையா?"