ஏப்பம் விட்ட ஃபில்டர்

"அம்மா, அந்த அங்கிள் மறுபடியும் வந்துட்டாரு!"

"ஷ்ஷ்! வீட்டுல யாருமே இல்லாத மாதிரி இரு" என்று ரக்ஷனாவின் வாயைப் பொத்தினாள் சரசு.

பிள்ளையின் வாயைப் பொத்தலாம். ஃபில்டரின் வாயை எப்படிப் பொத்துவது? மீன் தொட்டிக்குக் கீழே, அலமாரிக்குள் இருந்துகொண்டு அது 'கடகட கர்ர்ர்' என்று கத்திக்கொண்டே இருந்தது.

மறுபடியும் பெல்.

சரசு கதவு ஓட்டை வழியாகப் பார்த்தாள். பக்கத்து வீட்டு லாசரஸ். சிங்கப்பூரில் இந்தப் பொங்கோல் வட்டாரத்துக்குக் குடிவந்து ஆறு மாசமாகியும் அவரோடு ஒரு வார்த்தை பேசியதில்லை. முகத்தில் சிரிப்பே இல்லை. கையில் ஏதோ கறுப்பாக இருந்தது. கொஞ்ச நேரம் நின்றுவிட்டுப் போய்விட்டார்.

மூன்று நாளாக இதே கதை.

ஜூரோங்கில் வேலையில் இருந்த ஆதவனுக்கு ஸ்பீக்கரில் ஃபோன் போட்டாள்.

"என்னங்க, இன்னிக்கும் வந்துட்டாரு. சத்தத்துக்குச் சண்டை போடத்தான்."

"கதவைத் திறந்தியா இல்லையா?"

"எனக்கு என்ன பேசுறதுன்னே தெரியலங்க. கையில வேற கறுப்பா என்னமோ வச்சிருந்தாரு."

"கறுப்புக் கொடியா இருக்கும்!" ஆதவன் சிரித்தான். உடனே குரல் மாறியது. "விளையாட்டு இல்ல சரசு. மூணு நாளைக்கு முன்னாடி நான் ஃபில்டரைக் கழுவி மாட்டுனதுல இருந்துதான் இந்தச் சத்தம். தண்ணியும் ஒழுகுது. அவரு கம்ப்ளெயின்ட் பண்ணிட்டா நமக்குத்தான் தலைவலி. ஞாயித்துக்கிழமை தொட்டியை நம்ம ஃபிரெண்டு முத்துசாமி வீட்டுல கொடுத்துடலாம் லா."

ரக்ஷனா ஃபோன் பக்கத்தில் வந்து நின்றாள்.

"கேசரியையுமாப்பா?"

கேசரி, தேக்கா மார்க்கெட்டில் அவளே கை காட்டி வாங்கிய தங்க மீன். நிறத்தைப் பார்த்து அவள் வைத்த பேர்.

ரக்ஷனாவின் உதடு பிதுங்க ஆரம்பித்தது.

"நான் வேணா ஒரு தடவை பிரிச்சுப் பார்க்கட்டா?" என்றாள் சரசு.

"நாலு வீடியோ பார்த்தும் எனக்கே பிடிபடல. அது என்ன குக்கரா, நீ பிரிச்சு மாட்ட?"

ஃபோனை வைத்துவிட்டு சரசு ஃபில்டர் முன்னால் உட்கார்ந்தாள். பிளக்கைப் பிடுங்கினாள். குழாய் இரண்டையும் அடைத்துக் கழற்றினாள். நாலு பக்கமும் இருந்த கிளிப்பைத் தூக்கி மூடியைத் திறந்தாள். வட்ட மூடி. ஓரத்தில் பள்ளம். பள்ளத்தில் கறுப்பாக ஒரு ரப்பர் வளையம்.

'அட, குக்கரேதான்!'

குக்கரில் ஆவி போனால் பள்ளத்தில் சோற்றுப் பருக்கை இருக்கிறதா என்று பார்ப்பாள். இங்கே பருக்கைக்குப் பதில் தொட்டி மணல் துகள், இரண்டே இரண்டு. வளையத்தைக் கழுவித் துடைத்து, கைக்குழந்தை பாப்பாவின் உதட்டுக்குப் போடும் வாஸ்லினை லேசாகத் தடவி, மூடியை அழுத்தினாள். கிளிப் 'டக்' என்று விழுந்தது. குழாயை மாட்டி, பிளக்கைப் போட்டு, கீழே ஒரு காய்ந்த துணியை விரித்தாள். துணி நனையவே இல்லை.

சத்தம் மட்டும் போகவில்லை. கடகட கர்ர்ர்.

அதற்குள் பாப்பா பாலுக்கு அழுதாள். சரசு பால் கொடுத்து, தோளில் போட்டு, முதுகைத் தட்டினாள். பெரிய ஏப்பம் ஒன்று வந்தது. பாப்பா நிம்மதியாகக் கண்ணை மூடினாள்.

சரசு ஃபில்டரைப் பார்த்தாள்.

"ஏன்டா, நீயும் காத்தைத்தான் முழுங்கி வச்சிருக்கியா?"

பாப்பாவைப் படுக்க வைத்துவிட்டு ஃபில்டரைக் கட்டிப்பிடித்தாள். இந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்தாள், அந்தப் பக்கம் கொஞ்சம் சாய்த்தாள். முதுகில் தட்டினாள். அதற்கு முதுகு எந்தப் பக்கம் என்று யாருக்குத் தெரியும்? எல்லாப் பக்கமும் தட்டினாள்.

'புளுக்... புளுக்... புளுக்!'

தொட்டிக்குள் குழாய் வாயிலிருந்து குபுகுபுவென்று குமிழி வந்தது. கேசரி பயந்து மூலைக்கு ஓடியது.

"அம்மா, ஃபில்டர் ஏப்பம் விட்டுடுச்சு!" ரக்ஷனா கை தட்டினாள்.

கடகடவும் இல்லை, கர்ர்ரும் இல்லை. அதன்மேல் கையை வைத்துப் பார்த்தால்தான் ஓடுவதே தெரிந்தது.

பத்து நிமிஷம் ஆகியிருக்காது. பெல் அடித்தது. ஒரு தடவை இல்லை, நாலு தடவை. கூடவே கதவை வேறு தட்டினார்கள்.

"அம்மா, கறுப்புக் கொடி அங்கிள்!"

இப்போதுதான் சத்தமே இல்லையே, இனி என்ன பயம்? சரசு முதல் தடவையாகக் கதவைத் திறந்தாள். அவர் வாயைத் திறப்பதற்குள் மனப்பாடம் பண்ணினதுபோல ஒப்பித்தாள்.

"மன்னிச்சுக்குங்க அங்கிள். மூணு நாளா உங்களுக்கு ரொம்பத் தொந்தரவு. இப்ப சத்தம் சுத்தமா நின்னுடுச்சு. கம்ப்ளெயின்ட் மட்டும் பண்ணிடாதீங்க."

"நின்னதாலதான்மா ஓடி வர்றேன்!" லாசரஸுக்கு மூச்சு வாங்கியது. ஒரு கையில் பாதி தண்ணீரோடு வாளி. "ஃபில்டர் செத்துடுச்சா? மீனு உசுரோட இருக்கா? சீக்கிரம் இதுல பிடிச்சுப் போடு, என் தொட்டியில இடம் பண்ணி வச்சிருக்கேன்."

அவர் இன்னொரு கையை விரித்தார். கறுப்பாக ஒரு ரப்பர் வளையம்.

"என் வீட்டுலயும் இதே ஃபில்டர்தான். காத்து இழுக்குற சத்தம்னு சுவத்து வழியா கேட்டப்பவே தெரிஞ்சு போச்சு. இதைக் கொடுக்கத்தான் வந்தேன். எப்ப பெல் அடிச்சாலும் வீட்டுல ஆளே இல்ல. பாவம், மீனை மட்டும் தனியா விட்டுட்டுப் போயிட்டாங்களேன்னு மூணு நாளா எனக்குச் சோறே இறங்கலம்மா!"