கல்லின் பின்பக்கம்

ஒஃபீலியா கல்லுக்குப் பின்பக்கமாகப் போய் நின்றுகொண்டாள். முன்பக்கம் அவளுக்கு வேண்டியதில்லை.

முன்பக்கத்தில் ஏகக் கூட்டம். மே மாதத்து வீரர் நினைவு நாள். அந்த ராணுவக் கல்லறையில் ஒவ்வொரு கல்லின் காலடியிலும் ஒரு சின்னக் கொடி நட்டிருந்தார்கள்.

வாசலில் கொடுக்கிற வரைபடத்தில் பெரிய மனிதர்களின் குழிகளுக்கு மட்டும் எண் போட்டிருக்கும். இரண்டு தளபதிகள், ஒரு செனட்டர், ஒரு விண்வெளி வீரர். ஏழாம் எண், ஹெர்மினியோ கசாரெஸ். ராணுவ சார்ஜென்டாக இருந்து குத்துச்சண்டைச் சாம்பியன் ஆனவன்.

அந்த ஏழாம் எண்ணுக்கு வரைபடம் இல்லாமலேயே நாற்பத்தாறு வருஷமாக வந்துகொண்டிருந்தாள் ஒஃபீலியா. அப்போதெல்லாம் அங்கே கூட்டமும் கிடையாது, எண்ணும் கிடையாது. கல்லில் ஒரே பெயர்தான். டானியெல், சார்ஜென்ட் கசாரெஸின் மகன்.

அவளுடைய மகனும்தான். மூன்று நாள் இருந்தான்.

இந்தப் பிப்ரவரியில் ஹெர்மினியோ செத்துப்போனான். அதே குழியில், பிள்ளைக்கு மேலே அவனை இறக்கினார்கள். கல்லையும் மாற்றினார்கள். படைவீரனின் பெயர் முன்னால், பெண்டாட்டி பிள்ளைகளின் பெயர் பின்னால். அங்கே அதுதான் வழக்கம்.

செத்த பிறகும் பிள்ளையைப் பின்னால் தள்ளிவிட்டு முன்னால் வந்து நிற்கிறான் பார் என்று அவளுக்கு வயிறு எரிந்தது.

டானியெலின் பெயருக்குக் கீழே கல் வெறுமையாக இருந்தது. மனைவிக்கான இடம். விவாகரத்து வாங்கிக்கொண்டவளுக்கு அது கிடையாது. அவனும் அதற்குப் பிறகு யாரையும் கட்டிக்கொள்ளவில்லை.

எல்லாம் ஒரு தந்தியால் வந்தது.

அறுபத்தொன்பது ஜனவரியில் ஒரு நாள் காலை பிள்ளைக்கு மூச்சு நின்றது. ஹெர்மினியோ லாஸ் ஏஞ்சலஸில் இருந்தான். மத்தியானத்துக்குள் அவனுக்குத் தந்தி கொடுத்தாள், வீட்டில் பேசுகிற ஸ்பானிஷிலேயே. போட்டி சாயங்காலம். பதினைந்து சுற்றும் நின்று ஆடி பட்டத்தை வாங்கினான். மறுநாள் பேப்பரில் அவன் மேடையிலேயே உட்கார்ந்து அழுகிற படம். ஆனந்தக் கண்ணீர் என்று கீழே போட்டிருந்தார்கள்.

சண்டை முடிந்த பிறகுதான் தந்தி கைக்கு வந்தது என்று அவன் எத்தனையோ முறை சொல்லிப் பார்த்தான். அவள் தந்தி ஆபீஸில் விசாரித்து வைத்திருந்தாள். பகல் இரண்டு மணிக்கே கையெழுத்துப் போட்டு வாங்கியிருக்கிறார்கள். பொய்யன் என்று ஒரே வார்த்தை சொன்னாள். அதோடு அவனிடம் பேச்சு நின்றது.

இப்போது முன்பக்கத்தில், நான்கு கால் ஊன்றுகோலைப் பிடித்துக்கொண்டு ஒரு கிழவர் ரசிகர்களுக்குக் கதை சொல்லிக்கொண்டிருந்தார். கிளைட் பர்டெட் என்று பெயர் சொன்னார். சாம்பியன் பட்டம் வாங்கிய அந்த ஒரு போட்டிக்கு மட்டும் வெட்டுக்காயத்துக்கு மருந்து வைக்க அவரைக் கூலிக்கு அமர்த்தினார்களாம். அதற்கு முன்னும் பின்னும் கசாரெஸைப் பார்த்தது கூட இல்லையாம். ஆனால் அதை வைத்தே ஆயுசை ஓட்டிவிட்ட மனிதர் போலிருந்தது.

சண்டைக்குப் போகிறவனிடம் கடுதாசியோ போனோ அண்ட விடக் கூடாது என்பது எங்கள் தொழிலில் சட்டம் என்றார். நல்ல சேதி என்றாலும் மனசு கலைந்துவிடுமாம்.

"மத்தியானம் ஒரு தந்தி வந்துச்சு. நான்தான் கையெழுத்துப் போட்டு வாங்கினேன். துண்டுக்கு அடியில வச்சிட்டு, கடைசி மணி அடிச்சப்புறம்தான் கையில கொடுத்தேன். படிச்சான் பாருங்க, அப்படியே உக்காந்து அழுதுட்டான்."

ஒஃபீலியா கல்லின் விளிம்பைப் பிடித்துக்கொண்டாள்.

அந்தக் காகிதம் கீழே விழுந்ததைத் தானே எடுத்துப் பார்த்ததாகக் கிழவர் சொன்னார். ஸ்பானிஷ் அவருக்கு ஒரு எழுத்தும் தெரியாதாம். அடியில் ஒரு பெண் பெயர். கடைசி வார்த்தை மட்டும் புரிந்ததாம்.

"'வென்'னு இருந்துச்சு. 'வின்'னு அடிக்க வேண்டியதைத் தந்தி ஆபீஸ்காரன் தப்பா அடிச்சுட்டான். பொண்டாட்டி ஜெயிக்கச் சொல்லி அனுப்பியிருக்கா, இவன் ஜெயிச்சப்புறம் அது கையில கிடைக்குது. எவனுக்குத்தான் அழுகை வராது?"

கூட்டம் சிரித்தது. ஒரு பெண் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

கிழவரின் பார்வை அப்போதுதான் பின்னால் நின்றவள்மேல் விழுந்தது. "அம்மா, உங்களைப் பார்த்தா அந்தப் பாஷைக்காரங்க மாதிரி தெரியுது. நீங்களே சொல்லுங்க, 'ஜெயி'ன்னுதானே அர்த்தம்?"

எல்லோரும் அவளைப் பார்த்தார்கள். நாற்பத்தாறு வருஷத்துக் கோபம் நெஞ்சுக்குள் இடம் தெரியாமல் தவித்தது. எண்பது தாண்டிய மனிதர், கை நடுங்குகிறது, முகமெல்லாம் சந்தோஷம். அவரை என்ன செய்வது.

"ஆமாங்க," என்றாள். "'ஜெயி'ன்னுதான்."

கிழவர் பெருமையாகத் தலையை ஆட்டிக்கொண்டார். கைதட்டினார்கள். பிறகு வரைபடத்தைப் பிரித்துப் பார்த்து எட்டாம் எண்ணைத் தேடிக்கொண்டு போனார்கள்.

ஒஃபீலியா முன்பக்கத்துக்கு வந்தாள். அவன் பெயரின் மேல் கையை வைத்தாள். அழுகை பொங்கிக்கொண்டு வந்தது. அடக்கிக்கொள்ளவில்லை.

ஸ்பானிஷில் 'வென்' என்றால் 'வா'.

சண்டைக்கு மறுநாள் விடிந்ததுமே ஹெர்மினியோ வந்து வாசலில் நின்றிருந்தான். அவள் கதவைத் திறக்கவில்லை.