தூண் வெளியே, பூனை உள்ளே

ஹாக்கி அணியின் பயிற்சியாளருக்கு வீரர்கள் சூட்டியிருந்த பெயர் அட்டவணை. ஒருவன் எத்தனை மிடறு தண்ணீர் குடிக்கவேண்டும் என்பதற்குக்கூட அவரிடம் கட்டம் போட்ட தாள் ஒன்று உண்டு. ஆட்டத்திற்கு இரண்டு மணி நேரம் முன்னரே வந்து, ஆளில்லாத நாற்காலிகளுக்கு முன்னால் நின்று உத்தரவுகளை ஒத்திகை பார்ப்பது அவருடைய மாறாத வழக்கம்.

இவ்வாண்டு அவர் போட்ட தாள்களிலேயே மிக அழகானது பூனையைப் பற்றியது.

பூனை இருபது வயதுத் தடுப்பாட்டக்காரன். எதிரியின் மட்டையிலிருந்து சத்தமே இல்லாமல் பந்தைக் கவர்ந்துகொண்டு போய்விடுவான். ஆகையால் அந்தப் பெயர். அவனை இளையோர் அணியிலிருந்து கேட்டு வாங்கிவந்து, "ஒரே வருஷத்துல இவன ஆளாக்கிக் காட்டறேன் சார்" என்று அணியின் உரிமையாளரிடம் வாக்குக் கொடுத்திருந்தார் அட்டவணை.

முறை எளியது. பயிற்சியின்போது, மூத்த தடுப்பாட்டக்காரரான தூணின் பக்கத்திலேயே பூனை நிற்கவேண்டும். ஆட்டத்தின்போது தூண் வெளியே, பூனை உள்ளே. முதல் ஆட்டத்தில் ஐந்து நிமிடம், அடுத்ததில் எட்டு. இப்படியே ஏறிக்கொண்டு போகவேண்டும்.

இன்று பன்னிரண்டாவது ஆட்டம். இவ்வாண்டின் கடைசி ஆட்டமும் இதுவே. பூனை இதுவரை ஆடிய நிமிடங்களைக் குறிக்கவேண்டிய கட்டங்களில் வரிசையாகப் பதினொரு முட்டைகள் இருந்தன.

காரணம் தூண். உள்ளே இருப்பவர் கோட்டைத் தாண்டி வெளியே வந்தால்தான் மாற்று வீரன் உள்ளே போகமுடியும். அட்டவணை பலகையில் நான்கு என்று தூணின் எண்ணை எழுதி உயர்த்திய உடனே, தூண் வானத்தைப் பார்ப்பார். மட்டையைத் திருப்பித் திருப்பி ஆராய்வார். எதிரணிக்காரனிடம் பிள்ளை குட்டிகளின் நலம் விசாரிப்பார். வெளியே மட்டும் வரமாட்டார்.

தொடக்கத்திலேயே அவரை உட்காரவைத்துவிடலாம் என்றால், அவர் இல்லாத முதல் கால்மணி நேரத்திலேயே அணி மூன்று கோல் வாங்கிவிடும்.

ஒன்பது நிமிடங்கள் மீதமிருந்தன. இன்றும் ஆடாவிட்டால் பூனை இளையோர் அணிக்கே திரும்பவேண்டும் என்று உரிமையாளர் காலையில்தான் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

"யோவ் தூணு! நாலு! நாலு! காதக் கழட்டி வீட்ல வச்சிட்டு வந்துட்டியா?"

தூண் குனிந்து காலுறையைச் சரிசெய்தார்.

"விடுங்க சார். தூணு என்னைக்கு நடந்திருக்கு?" என்றார் மாற்றுக் கோல்காப்பாளர், வாழைப்பழத்தை உரித்தபடி.

அட்டவணை ஆத்திரத்தில் நாற்காலியை உதைத்தார். நாற்காலி தரையோடு முடுக்கப்பட்டிருந்தது.

"பொறாமை! ஒரு சின்னப் பையன் வயித்துல அடிக்கிறான், பாருங்கய்யா!" என்று ஒற்றைக் காலில் நின்றபடி முறையிட்டார்.

அந்நேரம் பந்து நடுக்கோட்டருகே வெளியேறியது. அதை எடுத்து ஆடுவதற்காகத் தூண் வேறு வழியின்றிக் கோட்டோரம் வந்தார். மட்டையும் கையுமாகப் பூனை அங்கேதான் நின்றுகொண்டிருந்தான். சட்டையைப் பிடித்து இழுத்தாவது தூணை வெளியே கொண்டுவந்துவிடுவது என்று கறுவிக்கொண்டு, அட்டவணை நொண்டி நொண்டிப் பூனையின் முதுகுக்குப் பின்னால் போய்ச் சேர்ந்தார்.

அவர் வந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"அண்ணே, இன்னைக்கு ஒரு நாள் மட்டும் வெளிய வந்துடாதீங்கண்ணே" என்றான் பூனை.

"பதினோரு ஆட்டமா இதையேதான்டா சொல்ற. அந்த மனுஷன் வாயில விழுந்து எந்திரிக்கிறது நானு. நாளைக்கு உன்னத் திருப்பி அனுப்பிடுவாங்க, தெரியும்ல?"

"தெரியும்ணே. நீங்க பக்கத்துல இல்லேன்னா எனக்குக் கையும் ஓடாது, காலும் ஓடாது. ஒரு நாளாச்சும் நீங்க இல்லாம நின்னிருக்கேனா?"

நீட்டிய கையை அட்டவணை மடக்கிக்கொண்டார்.

சட்டைப் பையிலிருந்து அந்த அழகான தாளை எடுத்துப் பார்த்தார். பயிற்சி நாள்கள் அத்தனையிலும், அவருடைய கையெழுத்திலேயே, 'தூணுடன்' என்று எழுதியிருந்தது. ஆட்ட நாள்கள் அத்தனையிலும், அதே கையெழுத்தில், 'தூணுக்குப் பதிலாக' என்று எழுதியிருந்தது.

எட்டு நிமிடங்கள் மீதமிருந்தன.

"என்ன சார், தூணு வரமாட்டேன்னுட்டானா?" என்றார் கோல்காப்பாளர்.

அட்டவணை பலகையில் இருந்த நான்கை உள்ளங்கையால் அழித்தார். தூண் இருந்த இடத்திலேயே இருக்கட்டும், அவருக்கு வலப்பக்கம் ஆடுபவரை வெளியே அழைத்துக்கொள்ளலாம் என்று முடிவு செய்து, ஆறு என்று எழுதி உயர்த்தினார்.