இரட்டைப் பூட்டு

“ஐயா, சங்கிலியைக் கொஞ்சம் நீளமா விட்டுக் கட்டுங்க.”

பூட்டுக்கடைக்காரர் குனிந்த வாக்கிலேயே திரும்பிப் பார்த்தார். படகுத்துறைப் படியில் உட்கார்ந்திருந்த ஆள்தான் சொன்னது. முட்டிவரை சுருட்டிய கால்சட்டை. கையில் கரண்டி அகலத்துக்கு ஒரு இரும்புச் சுரண்டி.

“ஏன், நீளமா விட்டா உங்களுக்கு வசதியோ?”

“அதில்லீங்க, இப்ப இப்படி இருக்கு, இன்னும் கொஞ்ச நேரத்துல...”

“எல்லாம் எங்களுக்குத் தெரியும். உங்க வேலையைப் பாருங்க.”

அந்த ஆள் சுரண்டியைத் துடைக்கத் திரும்பிக்கொண்டார்.

“முன்னப்பின்ன தெரியாத மனுஷர்கிட்ட இப்படியா வெடுக்குனு பேசுவீங்க?” என்றாள் மனைவி.

“நீ சும்மா இரு. கையில என்ன வெச்சிருக்கார் பார்த்தியா?”

ஒரு வாரம் கடலில் சுற்றலாம் என்று மச்சினன்தான் பாய்மரப் படகை வாடகைக்கு எடுத்திருந்தான். அது வளைகுடா நடுவில் நங்கூரம் போட்டு நிற்கும். கரைக்கு வந்து போக வாலில் இன்ஜின் வைத்த சின்ன ரப்பர் படகு ஒன்று. “இந்தப் பக்கம் சின்னப் படகைத்தான் தூக்கிட்டுப் போறாங்களாம் மாமா. அது போச்சுன்னா நாம கால் இல்லாத ஆளுங்க. ரொட்டி வாங்கணும்னாக்கூட நீந்தித்தான் வரணும்” என்று காலையில்தான் சொல்லியிருந்தான்.

பூட்டுக்கடைக்காரரிடம் போய்ச் சொல்கிற சொல்லா அது? வீட்டிலிருந்து கிளம்பும்போதே துணிமணிக்கு நடுவில் சங்கிலியும் இரண்டு பூட்டும் வைத்திருந்தார். “ஊர் சுத்தப் போறோமா, கடை போடப் போறோமா?” என்று மனைவி அப்போதே சிரித்தாள்.

படகின் மூக்கைத் துறையின் இரும்பு வளையத்தோடு இழுத்து ஒரு பூட்டு. இன்ஜினைப் படகோடு சேர்த்து இன்னொரு பூட்டு. விரல் நுழைய இடமில்லை. கடல் துறைப் பலகையைத் தொட்டுக்கொண்டு நின்றது. காலை எடுத்து வைத்தால் கரை.

“முப்பது வருஷமா இந்தப் பூட்டை விக்கிறேன். இதைத் திறக்கறவன் இனிமேதான் பொறக்கணும்” என்று அந்த ஆள் காதில் விழும்படி சொல்லிவிட்டு, சாவியைச் சட்டைப் பையில் போட்டுத் தட்டிக்கொண்டார்.

ரொட்டி, தக்காளி, சோப்பு, மச்சினன் கேட்ட டார்ச் பேட்டரி. கடை கடையாக ஏறி இறங்கியதில் ரெண்டு மணி நேரம் ஓடிவிட்டது. பூட்டுக்கடைக்காரருக்கு எதிலும் மனசு ஒட்டவில்லை.

“அந்தச் சுரண்டி கண்ணுக்குள்ளயே நிக்குது. ஆபீஸ்ல ஒரு வார்த்தை சொல்லி வெச்சுடுவோம்.”

“என்னன்னு சொல்வீங்க? நீளமாக் கட்டச் சொன்னார்னா?”

அவர் அதற்குள் படகுத்துறை ஆபீஸ் படியேறிவிட்டார்.

அதிகாரி பொறுமையாகக் கேட்டார். “அவர் படகுக்கு அடியில ஒட்டற சிப்பியைச் சுரண்டறவர் சார். இங்க உட்கார நாங்கதான் அனுமதிச் சீட்டு குடுத்திருக்கோம்.”

“சிப்பி சுரண்டறவர் என் சங்கிலியை எதுக்குச் சார் அளக்கணும்?”

“சரி, எழுதிக் குடுங்க. புகார்னு வந்தா சீட்டை வாங்கிடுவோம். அப்புறம் இந்தத் துறையில அவருக்கு வேலை கிடையாது.”

மனைவி சட்டையைப் பிடித்து இழுத்தாள். “ஒருத்தர் சாப்பாட்டுல கை வைக்காதீங்க.”

அவர் கேட்கவில்லை. ஆளின் அடையாளம், சுரண்டியின் நீளம், பார்த்த பார்வை என்று பக்கம் நிரம்ப எழுதினார். இரண்டு இடத்தில் அடித்துத் திருத்தினார். மடித்து நீட்ட ஒரு மணி நேரம் ஆனது.

அதிகாரி தாளோடு கூடவே வந்தார். வாசலைத் தாண்டியதும் பூட்டுக்கடைக்காரர் அப்படியே நின்றார்.

“பாருங்க சார், பாருங்க! நான் சொன்னேன்ல!”

அந்த ஆள் மார்பளவு தண்ணீரில் நின்றுகொண்டிருந்தார். இரண்டு கையும் இன்ஜின் மேல்!

“ஏய், எடு கையை!”

பூட்டுக்கடைக்காரர் கத்திக்கொண்டே ஓடினார். தக்காளி பையிலிருந்து தெறித்து உருண்டது. அந்த ஆள் திரும்பினார். கையை மட்டும் எடுக்கவில்லை.

“வந்துட்டீங்களா ஐயா? சாவி... சீக்கிரம் சாவியை எடுங்க.”

கிட்டே போய்க் குனிந்து பார்த்தவருக்கு அப்போதுதான் புரிந்தது.

காலையில் பலகையைத் தொட்டுக்கொண்டிருந்த கடல் ஓர் ஆள் உயரம் கீழே இறங்கியிருந்தது. சங்கிலி இறங்கவில்லை. தூண்டிலில் மாட்டிய மீன் மாதிரி படகு அந்தரத்தில் தொங்கியது. வால் பக்கம் தண்ணீரில் அமிழாதபடி, இன்ஜினோடு சேர்த்துத் தோளில் தாங்கிக்கொண்டு நின்றார் அந்த ஆள்.

பூட்டுக்கடைக்காரர் வளையத்துப் பூட்டைத் திறந்தார். படகு தொப்பென்று தண்ணீரில் உட்கார்ந்தது. அந்த ஆள் தோளைத் தேய்த்தபடி மேலே ஏறி வந்தார். தோளில் சிவப்பாக வரி விழுந்திருந்தது.

“இங்க கடல் ஏறி இறங்கும், தண்ணி வத்தும்னுதான் சொல்ல வந்தேன். நீங்க அவசரத்துல இருந்தீங்க.”

“எவ்வளவு நேரமா நிக்கறீங்க?” என்று மனைவி கேட்டாள்.

“ஒரு மணி நேரம் இருக்கும்மா. விட்டிருந்தா இன்ஜின் தண்ணி குடிச்சிருக்கும். நடுக்கடல்ல நிக்கற படகுக்கு நீங்க எப்படிப் போவீங்க?”

மனைவி அதிகாரியின் கையிலிருந்த தாளை வாங்கி நாலாகக் கிழித்தாள். பூட்டுக்கடைக்காரர் தடுக்கவில்லை.

அதிகாரிக்குத்தான் ஒன்று புரியவில்லை. “கையிலதான் சுரண்டி இருக்கே. பூட்டை உடைச்சுப் படகை இறக்கியிருக்கலாமே?”

“ஒரு நெம்பு நெம்பினா வாயைப் பிளந்துடும் சார், அது ஒண்ணும் பெரிய பூட்டில்ல” என்றார் அவர், சட்டையைப் பிழிந்துகொண்டே. “ஆனா அடுத்தவங்க பூட்டாச்சே. அதுல எப்படிக் கை வைக்கிறது?”