பெற்றோர் கட்டம்

சிமெண்ட் மூட்டை ஏற்றி இறக்கி, அப்பாவுக்கு வலது தோளைத் தூக்க முடியவில்லை. ஆனாலும் கல்லூரியில் சேர எனக்கு வீடியோவில் நடந்த நேர்காணலில் என்னோடு உட்கார, அன்றைய கூலியை விட்டுவிட்டுச் சட்டையைத் தேய்த்துப் போட்டிருந்தார்.

"கேமராவுல விழாம அங்கிட்டு உக்காருங்கப்பா" என்றேன்.

கம்ப்யூட்டரில் 'பெற்றோர் கட்டம்' என்ற செயலியைத் திறந்து 'அப்பா' என்று அழுத்தினேன். யாருடைய அப்பா என்று அது கேட்காது. எந்த நேர்காணலோ, அதற்கேற்ற ஒரு போலி அப்பாவைச் செயற்கை நுண்ணறிவால் செய்து திரையில் பொருத்திவிடும். கண்ணாடி போட்ட வங்கி மேலாளர் ஒருவர் வந்து, என்னைத் தன் மகள் என்று ஆங்கிலத்தில் சொன்னார்.

இடம் கிடைத்தது.

"நல்லாப் பேசுறாரும்மா. நானா இருந்தா மூட்டைக் கணக்கையில்ல சொல்லிருப்பேன்" என்று அப்பா சிரித்தார். சட்டையைக் கழற்றக் கை வராமல் திணறினார்.

இப்போது படிப்பே முடிந்துவிட்டது. "இவர்தான் என் அப்பா" என்று அந்தக் கல்லூரியில் நான் சொல்ல வேண்டியது இன்னும் பாக்கி இருக்கிறது.