லுடோமிர் பிடித்த நரி

"ஓவியரே, வால் இருக்கிற பக்கம் பின்பக்கம். திரும்பி உக்காருங்க!"

பண்ணையார் இக்னாட்சி இதைச் சொன்னதும் முற்றத்தில் குதிரைகள்மேல் இருந்த இருபது பேரும் சிரித்தார்கள். ஏழு மணிக்கு எழுந்து, ஷேவ் செய்து, பீட்ரூட் சூப் குடித்துவிட்டு வந்திருந்த லுடோமிர், கஷ்டான் என்ற கிழட்டுக் குதிரையின் மேல் வாலைப் பார்த்து உட்கார்ந்திருந்தான்.

வார்சாவில் மூன்றாவது மாடியில் உட்கார்ந்து, பனியில் குதிரையேறி நரி வேட்டையாடும் படங்களாக வரைந்து தள்ளுபவன் அவன். எல்லாமே பழைய படங்களைப் பார்த்து வரைந்தவை. நிஜக் குதிரையை இன்றுதான் தொட்டான்.

"நரியைப் பிடிங்க. அப்புறம் என் பொண்ணைக் கட்டிக்கக் கேளுங்க," என்றார் இக்னாட்சி.

"துப்பாக்கி?"

"எதுக்கு? கையாலதான் பிடிக்கணும்."

"கடிக்காதா?"

"ஐயோ, கடிக்கும்! மூணு வருஷமா யாருக்கும் சிக்கலையே!" பெரியவருக்குச் சிரிப்பில் கண்ணீரே வந்துவிட்டது.

அவர் மகள் போக்னா கறுப்புக் குதிரையில் அருகே வந்தாள். இடது தோளில் செம்மயிர்க் குஞ்சம் ஒன்றைக் குத்தியிருந்தாள்.

"இந்தச் சிவப்பு, பனிக்குப் பக்கத்துல... பிரமாதம்!" என்றான் லுடோமிர்.

"ரசிச்சது போதும், கடிவாளத்தைப் பிடி!" கண்ணடித்துவிட்டு முதல் ஆளாகப் பறந்தாள்.

கொம்பு ஊதினார்கள். எல்லோரும் பாய்ந்தார்கள். கஷ்டானும் பாய்ந்தது, அவனைக் கேட்காமலே. ஒரு கிளை தொப்பியைப் பறித்தது. இன்னொன்று மஃப்ளரை வாங்கிக்கொண்டது. லுடோமிர் ஒவ்வொரு புதராக எட்டிப் பார்த்தான்.

"நரியைப் பார்த்தீங்களா?"

கேட்கப்பட்ட ஒவ்வொருவரும் சிரித்துச் சிரித்துச் சேணத்திலிருந்து விழப் பார்த்தார்கள்.

திடீரென்று மரங்களுக்கிடையே போக்னா வந்தாள். பின்னால் மொத்தக் கூட்டமும் வந்தது. வேறு வழி இருந்தும் நேராக அவன் முன்னால் வந்தாள். கஷ்டான் சட்டென்று நின்றது. லுடோமிர் நிற்கவில்லை. காற்றில் பறந்தவன், கைக்குக் கிடைத்ததைப் பற்றிக்கொண்டு கழுத்துவரை பனிக்குள் போனான்.

கொம்பு மூன்று முறை முழங்கியது.

"சிக்கிடுச்சு! நரி சிக்கிடுச்சு!" இக்னாட்சி தொப்பியை மரத்துக்கு மேலே வீசினார்.

"எங்க?" பனியைத் துப்பினான் லுடோமிர். அவன் கையில் செம்மயிர்க் குஞ்சம்.

போக்னா தன் வெறும் தோளைத் தட்டிக் காட்டினாள்.

"நரிவாலைத் தோள்ல குத்திக்கிட்டு ஓடுற ஆள்தான்டா இங்க நரி. அதைப் பறிச்சவன் அடுத்த வருஷம் நரி. நல்லா ஓடப் பழகிக்கோ, துரத்தப்போறது நான்!"