ஞாயிற்றுக்கிழமை ரொட்டி

"மச்சான், கடைசியாக் கேக்கறேன். இன்னைக்கு ஷட்டரைத் தூக்கப் போறீங்களா, மாட்டீங்களா?"

மனைவியின் தம்பி வாசலில் நின்று கத்தினான். ரொட்டிக்கடைக்காரர் சட்டைப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சொன்னார்.

"ஞாயித்துக்கிழமை ஆண்டவரோட நாள். திறக்க மாட்டேன்."

"வாடகை பாக்கிக்காக நாளைக்குச் சாவியைக் கொடுத்துட்டா அப்புறம் கடை நம்மளுது இல்லை, தெரியுமில்ல? கட்டட முதலாளி நல்ல மனுஷன், ஒரு வழி சொன்னார். 'எதிர்க்கடை மாதிரி ஏழு நாளும் திறங்க, வியாபாரம் எப்படிப் போகுதுன்னு பார்த்துட்டுச் சொல்றேன்'னார். இதுக்கு மேல ஒருத்தர் இறங்கி வருவாரா?"

"வேற ஏதாவது கேட்டிருந்தாச் செஞ்சிருப்பேன்டா."

"ஆண்டவரா வந்து கடையைக் காப்பாத்தப் போறார்? சரி, உங்களை விடுங்க. மாவு பிசையற மாஸ்டருக்கு மூணு பொம்பளைப் பிள்ளைங்க. உங்க பக்திக்கு அவர் எதுக்குத் தெருவுல நிக்கணும்?"

அது சுருக்கென்று தைத்தது. பொத்தான் போட்டுக்கொண்டிருந்த கை அப்படியே நின்றது. ஆனாலும் மனுஷன் மசியவில்லை.

"விடுடா," என்றாள் மனைவி. "கல்யாணமான நாள்லேர்ந்து நானும் சொல்லிப் பார்த்து ஓய்ஞ்சு போயிட்டேன். வாங்க, ஆராதனைக்கு நேரமாச்சு."

வீம்பு பிடித்த ஆள் என்றுதான் யாருக்கும் தோன்றும். வாரம் முழுக்க ஈ ஓட்டுகிற கடைக்கு, நாலு பேர் வருகிற ஒரே நாளிலும் பூட்டுப் போட்டால் என்ன சொல்வது?

தெருவில் இறங்கினால் எதிர்க்கடை வாசலில் கூட்டம் நெருக்கியடித்தது. சூடான ரொட்டி வாசனை தெருமுனை வரைக்கும் வந்தது. எதிர்க்கடைக்காரன் ஒரு காலத்தில் இவரோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து பாடியவன்தான். கடை போட்ட பிறகு ஆலயத்துப் பக்கமே தலைகாட்டுவதில்லை.

"அண்ணே, எனக்காகவும் ஜெபம் பண்ணிக்கோங்க!" மாவுக் கையைத் துடைத்தபடி உள்ளேயிருந்து கூப்பிட்டான்.

இவர் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"பாவம், ஒரு வார்த்தை பேசினா என்ன?" என்றாள் மனைவி.

"ஆண்டவரை விட்டுட்டு வியாபாரத்தைக் கட்டிக்கிட்டு அழறவன். அவன்கூட என்ன பேச்சு?"

ஆலயத்தில் பாதிப் பெஞ்சு காலி. முன்பெல்லாம் ஜன்னல் ஓரம் நின்று ஆராதனை கேட்பார்கள். இப்போது வருகிறவர்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். பக்கத்துத் தெரு ஆலயத்தையோ விற்று உடற்பயிற்சிக் கூடமாகவே ஆக்கிவிட்டார்கள்.

போதகர் அன்றைக்கு அதைப் பற்றித்தான் பேசினார். பேசும்போதே குரல் கம்மியது.

"இந்த நாடு ஆண்டவரை மறந்து எங்கேயோ போயிடுச்சு. அவருக்குன்னு ஒதுக்கின ஒரு நாளையும் சந்தை நாளாக்கிட்டோம். ஆனா, நம்ம நடுவுல ஒருத்தர் இருக்கார். நாளைக்குக் கடையே கைவிட்டுப் போகப்போகுது. அப்பவும் இன்னைக்கு அவர் கடையைத் திறக்கலை. இவர் மாதிரி நாலு பேர் இருந்தா இந்த நாடு இப்படி ஆகியிருக்குமா?"

எல்லாத் தலையும் இவர் பக்கம் திரும்பியது. பின் பெஞ்சிலிருந்து யாரோ தோளைத் தட்டிக் கொடுத்தார். மனைவி மூக்கை உறிஞ்சினாள். அவருக்கும் கண் நிறைந்துவிட்டது. கடை போனால் போகட்டும், இது போதும் என்று மனசு லேசாயிற்று. மாஸ்டரை நினைத்தபோது மட்டும் கொஞ்சம் வலித்தது.

ஒரு பாட்டு முடிந்ததும் திருவிருந்து, ஆண்டவர் நினைவாக அப்பமும் திராட்சை ரசமும் பகிர்ந்துகொள்வது. வரிசையில் போய் முழங்கால் போட்டு இரண்டு கையையும் நீட்டினார். போதகர் ஒரு துண்டு அப்பத்தை வைத்தார்.

சூடாக இருந்தது.

ஆயுசெல்லாம் ரொட்டியோடு கழித்த கை. நேற்றுச் சுட்டதா, இன்றைக்குச் சுட்டதா என்று அந்தக் கைக்குத் தெரியாதா? அவர் அடுப்பு நேற்று மாலையே அணைந்துவிட்டது. திருவிருந்துக்கு வீட்டிலேயே அப்பம் சுட்டுக் கொடுத்துக்கொண்டிருந்த டீச்சரம்மாவும் போன மாசம் மகளோடு வெளியூர் போய்விட்டார்.

வாயில் போட்டார். விழுங்கவும் முடியவில்லை, துப்பவும் கூடாது. அப்படியே கண்ணை மூடிக்கொண்டு கிடந்தார். ஏதோ உருக்கமாக ஜெபிக்கிறார் என்று எல்லோரும் நினைத்துக்கொண்டார்கள்.

ஆராதனை முடிந்ததும் சபைச் செயலாளரை வாசலில் பிடித்தார்.

"தோத்திரம் அண்ணே! இன்னைக்குப் பிரசங்கமே உங்களைப் பத்தித்தான். பெருமையா இருந்துச்சு!"

"அப்பம்… எங்கே வாங்கினீங்க?"

"அதுவா? உங்க எதிர்க்கடையிலதான். பாடிக்கிட்டிருக்கறப்பவே நைசா ஓடிப்போய் வாங்கிட்டு வந்தேன். அடுப்புலேர்ந்து அப்பத்தான் எறக்கினான், கையே வைக்க முடியலை!"

நல்ல மனசோடுதான் செயலாளர் அவர் கையைப் பிடித்துக்கொண்டார்.

"உங்ககிட்டதான் வாங்கணும்னு எனக்கும் ஆசைண்ணே. ஆனா நேத்துச் சுட்டதையா ஆண்டவரோட பந்தியில வைக்கறது? என்ன பண்றது, நீங்கதான் ஞாயித்துக்கிழமை கடையே திறக்க மாட்டேங்கறீங்களே!"